தூண் பாறையும் தாய்மாமன் மானமும்

டிசம்பர் 10, செவ்வாய்

இதில் எழுதப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள். அண்டா மீதும் குண்டா மீதும் அடித்துச் சத்தியம் செய்கிறேன், நம்பவே மாட்டார்கள். பிற்காலத்தில் இந்த டைரியைத் தோண்டியெடுக்கும் பேரறிஞர்கள், இப்படியும் ஒரு மனிதன் இருந்திருப்பானா என்று தலையைச் சொறிந்து, சொறிந்தே வழுக்கையாகட்டும்.

நான் பரமதயாளன். வத்தலக்குண்டு வாடகைப் பாத்திரச் சாம்ராஜ்யத்தின் ஏகச் சக்கரவர்த்தி. என் அண்டாவில் சோறு வேகாத கல்யாணம் செல்லாது என்று டெல்லியில் சட்டம் வரப்போவதாகக் கேள்வி.

என் அக்கா அழகுமணியின் ஒரே மகள் மங்கைக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை நிரஞ்சன். மதுரையில் டைல்ஸ் கடைக் குடும்பம். நிச்சயம் முடிந்து, பத்திரிகையும் அடித்து, பாதி ஊருக்குக் கொடுத்தாயிற்று. இந்த நேரத்தில் மாப்பிள்ளைக்கு ஓர் ஆசை பிறந்திருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பே கல்யாணப் போட்டோ வேண்டுமாம். கொடைக்கானல் தூண் பாறை பின்னால் நிற்க, காலைப் பனி முன்னால் மிதக்க, நடுவில் இவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து உருக வேண்டுமாம். எங்கள் காலத்தில் கல்யாணத்துக்குப் பிறகே யாரும் உருகவில்லை.

"வயசுப் பிள்ளைய தனியா அனுப்ப முடியுமாடா? மாப்பிள்ளையோட அம்மாவும் கூட வர்றாக. அத்தான் இல்லாத வீடு. நம்ம பக்கத்துக்கு நீதான் போகணும். தாய்மாமன்ல?" என்றாள் அக்கா. பிறகு, "அந்த வாய மட்டும் இங்க வச்சிட்டுப் போ" என்றாள்.

தாய்மாமன் என்றால் சும்மா இல்லை. எங்கள் பக்கத்தில் மாமன் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டினால்தான் அவள் மணவறை ஏறலாம். கலெக்டரே வந்தாலும் மாமன் வரும்வரை தாலி தட்டிலேயே கிடக்கும். அப்பேர்ப்பட்ட பதவி வகிக்கும் என்னைப் போட்டோவுக்குக் காவல் நாயாக அனுப்புகிறார்கள். புதுச் சட்டை ஒன்று எடுத்துக்கொண்டேன். நாய்க்கும் ஒரு கௌரவம் உண்டு.

டிசம்பர் 11, புதன்

மலை ஏறினோம். எழுபத்தெட்டாயிரம் கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் மாப்பிள்ளையின் அம்மா ஒருமுறை வாந்தி எடுத்தார். பாவம் நல்ல பெண்மணி, பெயர் சௌடேஸ்வரி. "மன்னிச்சிக்கங்கண்ணே" என்று ஒவ்வொரு முறையும் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். வாந்திக்குக்கூட மன்னிப்புக் கேட்கும் ஒருவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

தங்கும் விடுதியைப் பற்றி எழுதினால் பேனா வாந்தி எடுக்கும். கம்பளியில் ஐந்து தலைமுறைகளின் வியர்வை. தலையணையை மோந்து பார்த்தேன், இறந்த எலி ஒன்று உள்ளே இருந்துகொண்டு என்னை மோந்து பார்த்தது. டீ என்று ஒன்று வந்தது. அண்டா கழுவிய தண்ணீரை நான் பார்த்திருக்கிறேன், அதற்கு ஒரு நிறமாவது இருக்கும்.

மாப்பிள்ளை என்னை "அங்கிள்" என்கிறான். அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் மூட்டைப்பூச்சி ஒன்று உள்ளே இறங்குகிறது. போட்டோக்காரர் ஜெரால்டு, இந்த ஊர்க்காரர், நல்ல மனுஷன்போலத் தெரிகிறது. ஆனால் அவர் கொண்டுவந்த பெட்டியில் பத்து முழ நீளத்துக்கு வால் வைத்த கவுன் ஒன்றும், கலர் கலராகப் புகைவிடும் குண்டுகளும் இருக்கின்றன. பனியைப் படம் எடுக்க வந்தவர்களுக்குப் புகை எதற்கு? கேட்டேன். "பனி வரலன்னா புகை சார்" என்றார். "பாறை வரலன்னா?" என்றேன். "கம்ப்யூட்டர்ல வச்சிரலாம் சார்."

சீ! அப்படியானால் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் நின்று எடுத்திருக்கலாமே.

"கம்ப்யூட்டர் பாறையெல்லாம் வேணாம்" என்று நிரஞ்சன் சொன்னான். "நெசப் பாறை வேணும். கிடைக்கிற வரைக்கும் இறங்க மாட்டோம்." அப்போது கொஞ்சம் மரியாதை வந்தது அவன்மேல். எழுதிவைக்கிறேன், நான் நியாயவான்.

டிசம்பர் 12, வியாழன்

விடியுமுன் எழுப்பிவிட்டார்கள். கொடைக்கானல் தண்ணீரில் முகம் கழுவினேன், மூக்கு கழன்று வாளியில் விழுந்தது, எடுத்து ஒட்டிக்கொண்டு கிளம்பினேன்.

தூண் பாறை என்பது மூன்று பாறைகள் தோளோடு தோள் நின்று வானத்தை முட்டும் அதிசயமாம். போஸ்டர்களில் பார்த்திருக்கிறேன். நேரில் பார்த்தது வெள்ளை. மேலே வெள்ளை, கீழே வெள்ளை, எதிரே வெள்ளை. கையை நீட்டினால் கை காணாமல் போகிறது. ஒரு காக்கை பனியின்மேல் கிளை என்று நினைத்து உட்கார்ந்திருந்தது. துண்டை வீசி ஒரு பிடி பனியைக் கட்டி முடிந்துவைத்தேன், ஊருக்குப் போய் விற்கலாம்.

இந்த வெள்ளையின் முன்னால் எங்கள் மங்கை. திண்டுக்கல் நூல் மில்லில் தரம் பார்க்கிற வேலை. ஒரே பார்வையில் நூல் எங்கே நைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள், மில் முதலாளியையே எதிர்த்துப் பேசுவாள். அவளை அந்த வால் கவுனுக்குள் திணித்து நிறுத்தியிருந்தார்கள். குளிரில் உதடு நீலம்.

"மேடம், சிரிங்க" என்றார் ஜெரால்டு.

அவள் சிரிக்கவில்லை. நிரஞ்சன் குனிந்து காதில் ஏதோ சொன்னான், சால்வைக்குள் கைபோட்டு அணைத்துக்கொண்டான். உடனே சிரித்தாள்.

"பாத்தீங்களாண்ணே, எப்பிடி சிரிக்க வைக்கிறான்" என்றார் வேனுக்குள்ளிருந்து சௌடேஸ்வரி அம்மா. கண்ணாடியை ஏற்றிவிட்டு வேறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

பாறை கடைசிவரை வரவில்லை. ஒரு குரங்கு மட்டும் வந்து என் பிஸ்கட்டைப் பிடுங்கிக்கொண்டு என்னைப் பார்த்து "அங்கிள்" என்றது.

மாலையில் மங்கை கை கழுவும்போது சட்டைக் கை மேலேறியது. மேற்கையின் உட்பக்கம் இரண்டு மூன்று இடத்தில் நீலம். "என்னத்தா இது?" என்றேன்.

"அட்டை கடிச்சிருச்சு மாமா."

இந்த மலை அட்டைகளைப் பற்றி எனக்கா தெரியாது? பசுமாட்டைக் கடித்தால் பசு கன்றாகிவிடும். யானையின் ரத்தத்தை ஒரே மூச்சில் குடித்து யானைத்தோலைச் செருப்புக்கு விற்கும் அட்டைகள் உண்டு. இதையெல்லாம் அவளுக்கு விவரமாகச் சொன்னேன். வழக்கமாக விழுந்து விழுந்து சிரிப்பவள், இன்று சிரிக்கவில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

இன்றும் பாறை தெரியவில்லை. இன்றும் அட்டை கடித்திருக்கிறது.

அட்டை கடித்தால் ரத்தம் நிற்காமல் வடியும். நீலம் பாயாது. அதுவும் ஜெரால்டு "சிரிங்க" என்று சொல்லும்போது மட்டும் கடிக்கிற அட்டையை நான் கேள்விப்பட்டதில்லை.

டிசம்பர் 14, சனி

மூன்றாம் நாளாக வெள்ளை. மாப்பிள்ளை பனியைப் பார்த்துக் கத்தினான். பனி என்ன இவன் கடை வேலையாளா? ஜெரால்டு லென்ஸ் துடைக்க வேனுக்குப் போனார். நான் வேலியோரம் இயற்கையின் அழைப்புக்காக ஒதுங்கினேன். திரும்பும்போது வழி தெரியவில்லை. கால் போன போக்கில் வந்து, அவர்களுக்கு நான்கைந்து அடி பின்னால் நின்றிருக்கிறேன். அவர்களுக்கு நான் தெரியவில்லை. எனக்கும் அவர்கள் தெரியவில்லை. பனிக்குக் கண்ணை மறைக்கத்தான் தெரியும். காதை அடைக்கத் தெரியாது.

"சிரின்னா சிரிக்கணும். எத்தனை தடவ சொல்றது?"

"வலிக்குது. கைய எடுங்க."

"வலிக்கத்தான் செய்யும். யாருக்குத் தெரியப்போகுது, பனி. உனக்கு இன்னும் பழகல. பழக்கிர்றேன்."

கோபத்தில் சொல்லவில்லை. நிதானமாக, புது டைல்ஸ் எந்தப் பக்கம் ஒட்ட வேண்டும் என்று கொத்தனாருக்குச் சொல்கிறவன்போலச் சொன்னான். பெரிதாக இருமினேன். "யாரது?" என்றான். "காட்டெருமை" என்றேன்.

வேனுக்குப் போய் சௌடேஸ்வரி அம்மாவிடம் உட்கார்ந்தேன். "தம்பி கொஞ்சம் முன்கோபமோ?" என்றேன்.

"சின்னதுலேர்ந்து அப்பிடித்தாண்ணே. நெனச்சது நடக்கணும். அவுக அப்பா மாதிரி." தன் மேற்கையைத் தானே தடவிக்கொண்டார். "போகப்போகப் பழகிரும்ணே."

மத்தியானம் மங்கையை மட்டும் சோளம் தின்ன ஏரிப்பக்கம் கூட்டிப்போனேன். அவளாகத்தான் ஆரம்பித்தாள்.

"இருமுனது நீங்கதான, மாமா?"

"காட்டெருமை."

"எனக்கு இது வேணாம் மாமா."

"அப்ப அம்மாகிட்டச் சொல்லு."

"என்னன்னு சொல்ல? கிள்ளிட்டாருன்னா? கிள்ளுனதுக்கெல்லாமா கல்யாணத்த நிறுத்துவாகன்னு கேப்பாங்க. ஆசையில கிள்ளிருப்பாருன்னு சிரிப்பாங்க. அம்மா ரெண்டு நாள் அழுதுட்டு, நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போத்தான்னு சொல்லும். பத்திரிகை வேற கொடுத்தாச்சு. நிறுத்துனா பொண்ணு மேலதான் ஏதோன்னு பேசுவாங்க." சோளத்தைக் கடிக்காமலே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏதாச்சும் வழி சொல்லுங்க மாமா. நீங்க எத்தனை கல்யாணம் பாத்திருக்கீங்க."

பார்த்திருக்கிறேன். அண்டா இறக்கிவிட்டு அடுப்படியில் காத்துக்கிடக்கிறவன் பார்க்காதது என்ன? பெண் தூக்குப்போட்டுக்கொள்வேன் என்று அழுதும் நடந்த கல்யாணங்கள் தெரியும். பந்தியில் இரண்டாவது அப்பளம் கேட்டு, வரவில்லை என்று மாமன் இலையை மடித்துவிட்டு எழுந்ததால் நின்ற கல்யாணங்களும் தெரியும். பெண் அழுதால் கல்யாணம் நிற்காது. மாமன் முறுக்கிக்கொண்டால் நிற்கும். அதிலும் நின்றதற்குப் பெண்ணை யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். "அந்த மாமன்காரன் ஒரு கிறுக்குப் பய" என்று ஊர் முழுக்க அவனைத்தான் திட்டும்.

நம் நாட்டு நீதியை நினைத்து ஏரியில் காறித் துப்பினேன். ஏரி பொங்கிக் கரை தாண்டியது.

"நாளைக்குச் சாயந்திரம் எனக்குக் காப்பி வராது" என்றேன் மங்கையிடம். "வந்தாலும் ஆறிப்போயிருக்கும். அதுல பிடிச்சுக்கிறேன். மாமனுக்கு ஆறுன காப்பியான்னு. நீ ஒண்ணும் பேசாத."

"உங்களைத்தான மாமா எல்லாரும் பேசுவாங்க."

"எனக்கு மரியாதை குறைவா கிடக்குன்னா அழுதேன்? கொஞ்சம் போனா போகட்டும். சோளத்தத் தின்னு."

டிசம்பர் 15, ஞாயிறு

இன்று பாறை வந்தது.

யாரோ வேட்டியை அவிழ்த்ததுபோலப் பனி ஒரே இழுப்பில் கீழே இறங்கியது. மூன்று தூண்களும் ஈரம் மினுங்க நின்றன. இதில் நான் ஒரு சொட்டுகூட மிகைப்படுத்தவில்லை, படுத்தவும் முடியாது. வாயில் பாதி மென்ற பிஸ்கட்டோடு நின்றுவிட்டேன். குரங்குகூடப் பிடுங்காமல் பாறையைப் பார்த்தது.

"சீக்கிரம், சீக்கிரம்! மறுபடி மூடிரும்" என்று ஜெரால்டு ஓடினார். முதலில் குடும்பமாக ஒன்று எடுத்துவிடலாம் என்றார். சௌடேஸ்வரி அம்மாவை வேனிலிருந்து இறக்கினார்கள். நான் புதுச் சட்டைக் காலரைச் சரிசெய்து, மீசையைத் தடவி, மங்கை பக்கத்தில் போய் நின்றேன்.

நிரஞ்சன் திரும்பிப் பார்த்தான். "அங்கிள், கொஞ்சம் தள்ளிக்கங்க. பாறைய மறைக்கிறீங்க. அப்பிடியே வேன் கிட்டப் போயிருங்க, ஃபிரேம்ல வேணாம்."

காப்பிக்காகச் சாயந்திரம்வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

"யாரைப் பாத்துத் தள்ளுன்னு சொன்ன?" என்றேன். நான் போட்ட சத்தத்தில் நடுத்தூண் ஒரு விரல்கடை பின்னால் நகர்ந்தது. "பாறை பெருசா, தாய்மாமன் பெருசா? இன்னிக்குப் பாறைய மறைக்கிறேம்ப. நாளைக்கு மணவறையில ஐயரை மறைக்கிறேன், தாலிய மறைக்கிறேன்னு தள்ளிவிடுவ!"

"அங்கிள், ஒரு போட்டோ…"

"அங்கிளாவது பொங்கிளாவது! நான் பட்டம் கட்டாம இவ மணவறை ஏறிருவாளா? ஏத்திருவியா நீ?"

கூட்டம் சேர்ந்துவிட்டது. கேரட் விற்கிறவர், பஜ்ஜி போடுகிறவர், எங்கிருந்தோ இறங்கிய டூரிஸ்ட் பஸ். பாறையைப் பார்க்க வந்தவர்கள் பாறைக்கு முதுகு காட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். மலைக்கு வந்த அவமானம் அது, என்னால் தவிர்க்க முடியவில்லை.

"அண்ணே, சின்னப் பிள்ளை, தெரியாம சொல்லிட்டான்ணே" என்று சௌடேஸ்வரி அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கையைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. ஆனால் சங்கடப்பட்டால் காரியம் கெட்டது.

"நீங்க கும்பிடாதீங்கம்மா. உங்க பையன் தட்டுல வெத்தலை பாக்கு வச்சு, வத்தலக்குண்டுல என் கடை வாசலுக்கு வந்து, நாலு பேர் பாக்க என் கால்ல விழுந்து கேக்கணும். அப்பத்தான் பட்டம் கட்டுவேன்."

அவன் விழமாட்டான் என்று எனக்குத் தெரியும். நினைத்தது நடந்தே பழகியவன். முகம் கறுத்தது.

"பாத்திரம் கழுவுற பய கால்ல நான் விழணுமா?"

அவ்வளவுதான். கூட்டமே 'ச்சொ' கொட்டியது. பஜ்ஜிக்காரர், "என்ன இருந்தாலும் தாய்மாமனை அப்பிடிச் சொல்லலாமா தம்பி?" என்று எண்ணெய்க் கரண்டியோடு முன்னால் வந்தார்.

அப்போது மங்கை அந்தப் பத்து முழ வாலைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் பக்கம் வந்து நின்றாள். "எங்க மாமாவுக்கு இல்லாத மரியாதை எனக்கும் வேணாம். வாங்க மாமா, பஸ் ஏறுவோம்" என்றாள். குரல் நடுங்கவில்லை. இது நான் சொல்லிக்கொடுத்த வசனத்தில் கிடையாது. ஒன்றும் பேசாதே என்றல்லவா சொன்னேன்?

திரும்பிப் பார்த்தபோது பாறையைப் பனி மறுபடி மூடிக்கொண்டிருந்தது. ஜெரால்டு கேமராவை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துச் சின்னதாகத் தலையசைத்ததுபோலத் தெரிந்தது. பனியில் சரியாகத் தெரியவில்லை.

டிசம்பர் 17, செவ்வாய்

பஞ்சாயத்து அக்கா வீட்டில். அவன் அப்பா வந்திருந்தார். என் மகன் விழமாட்டான் என்றார். விழாமல் பட்டம் இல்லை என்றேன். பெரியவர்கள் நடந்தார்கள், உட்கார்ந்தார்கள், டீ குடித்தார்கள். வெற்றிலையாவது வாங்கித் தரட்டும் என்றார்கள். கால் என்றால் கால்தான் என்றேன். அப்படியானால் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்துபோனார். சொன்னது அவர்கள். நினைவிருக்கட்டும், நாங்கள் சொல்லவில்லை.

எல்லாரும் போன பிறகு அக்கா என் எதிரே வந்து நின்றாள்.

"ஒரு போட்டோவுக்கு! தகப்பன் இல்லாத பிள்ளை வாழ்க்கைய ஒரு போட்டோவுக்காகக் கெடுத்திட்டியேடா. உனக்கும் ஒரு பிள்ளை இருந்தா இப்பிடிச் செய்வியா? இனி என் வாசப்படி மிதிக்காத."

மங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் முறைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கடைத்தெரு வழியாக வரும்போது பஞ்சர் கடைக்காரர் வேண்டுமென்றே உரக்க, "வாங்க போட்டோ மாமா" என்றார். ஊருக்குள் செய்தி என் கால்களைவிட வேகமாக நடந்திருக்கிறது.

டிசம்பர் 19, வியாழன்

பாத்திரங்களுக்கு ஈயம் பூச ஆள் வந்தார். வேறொன்றுமில்லை.

டிசம்பர் 20, வெள்ளி

இன்றும் ஒன்றுமில்லை. சாப்பாடு ஓட்டலில். சாம்பாரில் கரப்பான். அதை எடுத்துப்போட்டுவிட்டுச் சாப்பிட்டேன். சண்டை போடத் தெம்பில்லை.

டிசம்பர் 24, செவ்வாய்

மத்தியானம் கடை வாசலில் நிழல் விழுந்தது. அக்கா. உள்ளே வரவில்லை. வாசலில் அடுக்கியிருந்த அண்டாக்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, கண்ணெல்லாம் வீங்கி, என்னையே பார்த்தாள்.

"நேத்து மங்கை எல்லாம் சொல்லிட்டா" என்றாள்.

"என்னத்த?"

"கையையும் காட்டுனா."

"அட்டை."

"வாய மூடு. ஏண்டா எங்கிட்டச் சொல்லல? நான் என்ன கல்லா?"

கையில் அகப்பட்ட கரண்டியைத் துடைத்தேன்.

"ஏதாச்சும் சொல்லு. அப்ப அந்தப் போட்டோச் சண்டை சும்மாவா? நெசமா அதுக்காகப் போடலையா நீ?"

"போட்டோவுக்காகத்தான்க்கா போட்டேன்" என்றேன். "தாய்மாமனைத் தள்ளச் சொன்னா விட்டிருவனா?"

அக்கா பக்கத்திலிருந்த சோற்றுக் கரண்டியை எடுத்து என் முதுகில் ஒன்று போட்டாள். அடி விழுந்த சத்தம் நிலக்கோட்டைவரை கேட்டிருக்கும். முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, "ராத்திரிக்குக் கறிக்குழம்பு. வந்து தின்னு. காப்பி ஆறியிருந்தா மூஞ்சியத் தூக்காத" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இதுவரை எழுதியதை யாரும் நம்ப வேண்டாம். கொண்டை ஊசி வளைவுகளையும் எலியையும் நகர்ந்த தூணையும் தாராளமாக அடித்துவிடுங்கள். நான் தியாகி, மகாத்மா என்று அக்கா இந்நேரம் தெருவில் ஆரம்பித்திருப்பாள், அதையும் அடித்துவிடுங்கள்.

ஒரு சின்ன விஷயம் மட்டும் உண்மை. பாறை அத்தனை அழகாக நின்றபோது, மங்கை பக்கத்தில் நின்று அந்தப் படத்தில் நானும் இருக்க வேண்டும் என்று எனக்கு நிஜமாகவே ஆசையாக இருந்தது. தள்ளிக்கங்க என்று அவன் சொன்னபோது சுருக்கென்றது. அந்த முதல் சத்தத்தை மட்டும் நான் நடித்துப் போடவில்லை.